‘வரை’க்கும் ‘குள்’ளுக்கும் நடுவே: பத்து வார ஆங்கில வகுப்பு ஒன்றின் மதிப்புரை

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் படித்தவர்களிடம், வாழ்க்கையில் முதன்முதலாக முழுமையாகச் சொன்ன ஆங்கில வாக்கியம் எது என்று விசாரித்தால், பெரும்பாலோர் ‘மே ஐ கம் இன், மிஸ்?’ என்றே சொல்வார்கள். ஐந்து வயதில் வகுப்பறை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நாம் சொன்ன அந்த வாக்கியத்தின் ஒரு முனையில் ‘மே’ என்ற துணைவினை இருக்கிறது. மறுமுனையில் ‘இன்’ இருக்கிறது. முன்னது அனுமதி கேட்கிறது. பின்னது அனுமதி எந்தப் பக்கம் போவதற்கு என்று காட்டுகிறது. பெயர்ச்சொல் எதுவும் பின்னால் வராமல் தனியே நிற்கும் அந்த ‘இன்’னை முன்னிடைச்சொல் (ப்ரபொசிஷன்) என்று ஒப்புக்கொள்ளாமல் வினையடை என்று வாதாடும் இலக்கணக்காரர்கள் உண்டு; வாசலில் நிற்கும் குழந்தைக்கு அந்த வழக்கு தேவையில்லை. எனக்கு வியப்பாக இருப்பது வேறொன்று. ஐந்து வயதிலேயே பிழையில்லாமல் இணைக்கத் தெரிந்த இந்த இரண்டு சொல்வகைகளை, இருபது ஆண்டுகள் கழித்து அலுவலகக் கடிதத்தில் சேர்த்து எழுதும்போது நம்மில் பலர் தடுமாறுகிறோம். அந்தத் தடுமாற்றத்தை மட்டுமே பாடமாக எடுத்துக்கொண்ட ஓர் இணையவழி வகுப்பில் சேர்ந்து, பத்து வாரமும் படித்து முடித்தேன். அதைப் பற்றியதே இந்த மதிப்புரை.

நான் திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில், ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சன்டைசராக வேலை பார்க்கிறேன். துணி, நூல், சாயம், தையல் எல்லாவற்றையும் விட என் வேலையில் அதிகம் புழங்குவது மின்னஞ்சல்தான். வகுப்பில் சேரக் காரணமாக இருந்ததும் ஒரு மின்னஞ்சலே. ஓர் ஆர்டருக்கு மார்ச் 20 வரை நேரம் இருக்கிறது, அதற்குள் சரக்கை அனுப்பிவிடுவோம் என்ற பொருளில், ‘வீ கேன் ஷிப் தி குட்ஸ் அன்டில் ட்வென்டியத் மார்ச்’ என்று, எங்களிடம் சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையருக்கு எழுதினேன். எத்தனை தவணையாக அனுப்பப் போகிறீர்கள், 20ஆம் தேதிக்குப் பிறகு ஏன் அனுப்ப முடியாது, பகுதி பகுதியாக அனுப்புவதற்கு ஒப்பந்தத்தில் இடமில்லையே என்று மறுநாள் மூன்று கேள்விகள் வந்தன. நான் எழுதியதற்கு, 20ஆம் தேதி வரைக்கும் அனுப்பிக்கொண்டே இருப்போம், அதன் பிறகு நிறுத்திவிடுவோம் என்று அவர் பொருள் கொண்டிருந்தார். அவர் மீது தவறே இல்லை. ஆங்கிலத்தில் அந்த வாக்கியத்துக்கு அதுதான் பொருள். என் மனத்தில் இருந்தது தமிழின் ‘வரை’. அங்கே எழுத வேண்டியிருந்தது ‘குள்’ளுக்கு நிகரான ‘பை’. விளக்கம் எழுதிச் சரிக்கட்ட இரண்டு நாள் போயிற்று.

வகுப்பு செவ்வாய், வியாழன் இரவு எட்டு மணிக்குத் தொடங்கி ஒன்றேகால் மணி நேரம் நடக்கும். மொத்தம் 20 அமர்வுகள். கட்டணம் 6,500 ரூபாய். நடத்துபவர்களின் பெயரைச் சொல்லப் போவதில்லை. கீழே சில குறைகளையும் எழுதியிருக்கிறேன். அவற்றில் ஒன்றைப் பற்றி அவர்களோடு இன்னும் பேசிக்கொண்டிருக்கிறேன். இப்படிப்பட்ட வகுப்பு ஒன்றைத் தேடுபவர்களுக்கு எதைப் பார்த்துச் சேர வேண்டும் என்பது தெரிந்தால் போதும்.

முதலில் பாராட்ட வேண்டியது பாடத்தின் வைப்புமுறை. வழக்கமான இலக்கண நூல்களிலும் வகுப்புகளிலும் கேன், குட், மே, மைட், ஷல், ஷுட், வில், வுட், மஸ்ட் என்னும் ஒன்பதும் ஓர் அத்தியாயத்தில் முடிந்துவிடும். இன், ஆன், அட், பை முதலியவை பல அத்தியாயங்கள் தள்ளி, பெட்டிக்குள் பூனை, மேசை மேல் புத்தகம் என்ற படங்களோடு வேறோர் ஊரில் குடியிருக்கும். இரண்டையும் தனித்தனியே நூற்றுக்கு நூறு வாங்கியவர்கூடச் சேர்த்து எழுதும்போது சறுக்குவதற்கு இந்தப் பிரிவினைதான் காரணம் என்பது எங்கள் ஆசிரியரின் கட்சி; எனக்கும் அது சரியாகவே படுகிறது. ஏனென்றால் நடைமுறை ஆங்கிலத்தில் துணைவினையின் பொருளை வாக்கியத்தின் கடைசியில் வரும் முன்னிடைச் சொற்றொடர் திருத்துகிறது, அந்தச் சொற்றொடரின் பொருளைத் துணைவினை திருத்துகிறது. ஒன்றைப் பார்க்காமல் மற்றதன் பொருளை முடிவு செய்ய முடியாத இடங்கள் ஏராளம்.

முதல் அமர்விலேயே ஆசிரியர் ஒரு வாக்கியத்தைத் திரையில் போட்டார். ‘வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும்’ என்பது தமிழ். அதன் கீழே, ‘மஸ்ட் சென்ட் பை ஃப்ரைடே’ என்பதைக் கடைசிச் சொல்லிலிருந்து திருப்பி எழுதிக் காட்டினார்: ஃப்ரைடே, பை, சென்ட், மஸ்ட். வெள்ளிக்கிழமை, குள், அனுப்ப, வேண்டும். இரண்டும் சொல்லுக்குச் சொல் பொருந்தின. ஒரு மொழியில் துணைவினை முதலில் வந்தால் மற்றதில் கடைசியில் வருகிறது. ஒன்றில் முன்னிடைச்சொல் பெயருக்கு முன்னால் நின்றால் மற்றதில் வேற்றுமை உருபு பின்னால் ஒட்டிக்கொள்கிறது. கண்ணாடியில் வலக்கை இடக்கையாகத் தெரிவது போன்ற இந்த ஒழுங்கு எல்லா வாக்கியத்துக்கும் இத்தனை அழகாக வராது என்பதையும் அவரே சொன்னார். ஆனாலும், நாம் ஆங்கிலத்தில் பேசும்போது துணைவினையை முதலிலேயே தீர்மானித்துக்கொள்ள வேண்டியிருப்பது ஏன் சிரமமாக இருக்கிறது என்பது எனக்கு அன்றுதான் விளங்கியது. தமிழில் முடியுமா, வேண்டுமா, கூடுமா என்பதை வாக்கியத்தின் இறுதிவரை தள்ளிப் போடலாம். இடத்தையும் நேரத்தையும் சொல்லிக்கொண்டே யோசிக்கலாம். ஆங்கிலத்தில் அந்த அவகாசம் கிடையாது.

வகுப்பின் உயிர்நாடி மூன்றாம் வாரம். அன்று எடுத்துக்கொண்டவை இரண்டே வாக்கியங்கள். ‘தி சாம்பிள்ஸ் மஸ்ட் பீ அட் யுவர் ஆபீஸ் பை நவ்’ என்பது ஒன்று. ‘தி சாம்பிள்ஸ் மஸ்ட் பீ அட் யுவர் ஆபீஸ் பை ஃப்ரைடே’ என்பது மற்றொன்று. கடைசிச் சொல்லைத் தவிர ஒரு சொல்லும் மாறவில்லை. ஒலிவாங்கியை என் பக்கம் திறந்துவிட்டு, “சொல்லுங்க சார், இது ஊகமா, கட்டளையா?” என்று கேட்டார். முதல் வாக்கியத்தில் மாதிரிகள் இந்நேரம் உங்கள் அலுவலகத்துக்கு வந்து சேர்ந்திருக்க வேண்டும் என்று நான் ஊகிக்கிறேன். இரண்டாவதில் அவை வெள்ளிக்கிழமைக்குள் அங்கே இருந்தாக வேண்டும் என்று யாரோ யாருக்கோ நெருக்கடி கொடுக்கிறார்கள். ‘மஸ்ட்’ என்ற ஒரே சொல் ஊகமாகவும் நிர்ப்பந்தமாகவும் இரட்டை வேடம் போடும் என்பது இலக்கண நூல்களில் இருக்கிறது. எப்போது எந்த வேடம் என்று அறிவிப்பது வாக்கியத்தின் வால்பகுதியில் இருக்கும் இரண்டு சொற்கள் என்பதைத்தான் எனக்கு அதுவரை யாரும் சொன்னதில்லை. ‘பை நவ்’ இதுவரை நடந்திருக்கக்கூடியதைப் பார்க்கிறது. நடந்துவிட்டதற்குக் கட்டளை இட முடியாதாகையால் ஊகம் மட்டுமே மிஞ்சுகிறது. ‘பை ஃப்ரைடே’ இனி வரப்போகும் நாளைப் பார்க்கிறது. அங்கே கட்டளைக்கு இடம் இருக்கிறது.

அடுத்த அமர்வில் இதே கயிற்றை இன்னும் கொஞ்சம் இழுத்தார்கள். ‘ஷீ மஸ்ட் பீ இன் தி கிச்சன்’ என்றால் அவள் சமையலறையில்தான் இருக்க வேண்டும் என்ற ஊகமே முதலில் தோன்றும். ‘ஷீ மஸ்ட் கோ இன்டு தி கிச்சன்’ என்றால் அவள் அங்கே போயாக வேண்டும். இருப்பைச் சொல்லும் ‘பீ’யோடு இடத்தைக் குறிக்கும் ‘இன்’னும் ‘அட்’டும் சேர்ந்தால் வாக்கியம் ஊகத்தின் பக்கம் சாய்கிறது; இயக்கத்தைச் சொல்லும் வினையோடு ‘டு’வும் ‘இன்டு’வும் சேர்ந்தால் கடமையின் பக்கம் சாய்கிறது. சாய்கிறது என்பதற்கு மேல் விதி எதுவும் இல்லை. ‘யூ மஸ்ட் பீ அட் தி ஏர்போர்ட் பை சிக்ஸ்’ என்று பயண முகவர் சொன்னால் அது ஊகம் அன்று. தமிழிலும் ‘வேண்டும்’ இதே இரட்டை வேலையைச் செய்கிறது என்பதை ஆசிரியர் அன்று சுட்டிக்காட்டினார். ‘அவர் வந்திருக்க வேண்டும்’ என்பதில் ஊகமும் இருக்கலாம், வராமல் போனவர் மீது வருத்தமும் இருக்கலாம். ‘அவர் வர வேண்டும்’ என்பதில் ஊகம் இல்லை. நம் மொழியில் வினையெச்சத்தின் வடிவம் செய்யும் வேலையில் ஒரு பகுதியை ஆங்கிலத்தில் முன்னிடைச் சொற்றொடர் தன் தோளில் ஏற்றுக்கொள்கிறது என்று நான் குறித்துக்கொண்டேன்.

மரியாதையைப் பற்றிய ஐந்தாம் வாரப் பாடத்தை, கடிதம் எழுதிப் பிழைக்கும் எவரும் ஒருமுறையாவது கேட்க வேண்டும். தமிழில் ‘அனுப்பு’ என்பதை ‘அனுப்புங்கள்’ என்று மாற்றினால் மரியாதை வந்துவிடுகிறது. கொங்குப் பக்கத்தில் ‘அனுப்புங்க’ என்பதோடு இன்னொரு ‘ங்க’வையும் சேர்த்துக்கொள்வோம். ஆங்கில வினைக்கு அப்படி ஒரு விகுதி கிடையாது. அந்தச் சுமையைத் துணைவினைதான் சுமக்கிறது. நாம் ‘ப்ளீஸ்’ என்ற ஒரு சொல்லை முன்னால் வைத்துவிட்டு மரியாதைக் கணக்கு தீர்ந்தது என்று நினைக்கிறோம். ‘ப்ளீஸ் சென்ட் இட் பை மன்டே’ என்பது படிப்பவர் காதில் பணிவான கட்டளையாகத்தான் விழுகிறது. ‘குட் யூ சென்ட் இட் பை மன்டே?’ என்றால் கேள்வியாகிறது, மறுப்பதற்கு வழி விடுகிறது. ‘யூ ஷுட் சென்ட் இட் பை மன்டே’ என்று பையருக்கு எழுதினால், நல்லதை எடுத்துச் சொல்லும் தோரணை வந்துவிடுகிறது. இதில் ‘பை மன்டே’ என்ற கெடுவுக்கும் பங்கு இருக்கிறது: கெடு நெருங்க நெருங்கத் துணைவினை மென்மையாக வேண்டும். ‘குட் யூ சென்ட் இட் வித்தின் தி ஹவர்?’ என்பதுகூடச் சற்றுக் கடுமையாகத்தான் ஒலிக்கிறது. நம் அலுவலகங்களில் செல்லப்பிள்ளையாக இருக்கும் ‘அட் தி எர்லியஸ்ட்’ என்ற தொடர் ஆங்கிலேயருக்கும் அமெரிக்கருக்கும் அரைகுறையாகவே கேட்கும் என்று தெரிந்தபோது, எத்தனை ஆயிரம் முறை அதை எழுதியிருப்பேன் என்று கணக்குப் பார்க்காமல் விட்டுவிட்டேன்.

‘இன் டென் மினிட்ஸ்’ என்ற தொடருக்கு ஓர் அமர்வு முழுவதையும் ஒதுக்கியிருந்தார்கள். ‘ஐ வில் கால் யூ இன் டென் மினிட்ஸ்’ என்றால் பத்து நிமிடம் கழித்து அழைக்கிறேன் என்று பொருள். ‘ஐ கேன் டைப் இட் இன் டென் மினிட்ஸ்’ என்றால் தட்டச்சு செய்து முடிக்கப் பத்து நிமிடம் பிடிக்கும் என்று பொருள். ‘பத்து நிமிடத்தில்’ என்ற தமிழ்த் தொடரும் இரண்டையும் தாங்கும் என்பதால் நமக்கு இதில் இடறல் தெரிவதில்லை. தொலைபேசியில் மறுமுனையில் இருப்பவர் ஒன்பதாவது நிமிடத்தில் அழைப்பை எதிர்பார்ப்பதில்லை என்பதும் தெரிவதில்லை. இந்த வேறுபாட்டைக் கொண்டுவருவது முதன்மையாக வினைதான், துணைவினை அதற்குத் துணைபோகிறது என்பதை ஆசிரியர் நேர்மையாக ஒப்புக்கொண்டார். தன் பாடத்தின் சூத்திரத்துக்காக உண்மையை வளைக்காத அந்தக் குணத்துக்காகவே அவருக்குத் தனியாக ஒரு மதிப்பெண் கொடுக்கலாம்.

ஆனால் கட்டணம் கேட்டு வந்த மின்னஞ்சலைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ‘ஃபீஸ் ஷுட் பீ பெய்ட் வித்தின் ஃபிஃப்த்’ என்று அதில் இருந்தது. ‘வித்தின்’ என்பது ஐந்து நாளுக்குள், ஒரு வாரத்துக்குள் என்று கால அளவோடு வரும் சொல். 5ஆம் தேதி என்ற புள்ளிக்குள் யாரும் நுழைய முடியாது. முன்னிடைச்சொல் கற்பிக்கும் வகுப்பின் அலுவலகம் இப்படி எழுதியதை ஆசிரியரிடம் காட்டினேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அடுத்த அமர்வில் அதையே பயிற்சி வாக்கியமாகப் போட்டுவிட்டார்.

‘வித்தின்’, ‘பை’, ‘அன்டில்’ ஆகிய மூன்றும் வரும் ஏழாம் அமர்வுதான் நான் கொடுத்த பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. ஏற்றுமதித் தொழிலில் இந்தச் சொற்களுக்காகச் சட்டமே எழுதியிருக்கிறார்கள் என்பதை நானும் அங்கே பகிர்ந்துகொண்டேன். வாங்குபவர் சார்பில் வங்கி பணத்துக்கு உறுதி தரும் கடன் உறுதிக் கடிதங்களுக்கென்று (லெட்டர் ஆஃப் கிரெடிட்) பன்னாட்டு வணிகக் கழகம் வகுத்து, 2007 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் யு.சி.பி. 600 விதிகளின் 3ஆம் பிரிவில், சரக்கேற்றும் காலத்தைக் குறிக்க ‘டு’, ‘அன்டில்’, ‘டில்’, ‘ஃப்ரம்’, ‘பிட்வீன்’ ஆகிய சொற்கள் வந்தால் குறிப்பிட்ட தேதியும் கணக்கில் சேரும் என்றும், ‘பிஃபோர்’, ‘ஆஃப்டர்’ என்று வந்தால் அந்தத் தேதி சேராது என்றும் எழுதியிருக்கிறது. ‘ஆன் ஆர் அபவுட்’ என்று ஒரு தேதி கொடுத்தால், அதற்கு ஐந்து நாள் முன்னாலிருந்து ஐந்து நாள் பின்னால் வரை, இரு முனைகளும் உட்பட, எந்த நாளும் செல்லும். இதில் வேடிக்கை என்னவென்றால், நாம் அன்றாடம் அதிகம் எழுதும் ‘பை’ அந்தப் பட்டியலில் இல்லை. வங்கிகளும் புத்திசாலித்தனமாக முன்னிடைச்சொல்லையே தவிர்த்துவிடுகின்றன. வங்கிகளுக்கிடையே செய்தி அனுப்பும் ஸ்விஃப்ட் வழியாக வரும் கடன் உறுதிக் கடிதத்தில் ‘44சி’ என்ற கட்டத்தில் சரக்கேற்றும் கடைசித் தேதி தனியாக நிற்கும். வகுப்பில் இருந்த ஒரு மென்பொருள் பொறியாளர், தங்கள் தொழிலில் 1997ஆம் ஆண்டிலேயே ஆர்.எஃப்.சி. 2119 என்ற ஆவணம் ‘மஸ்ட்’, ‘ஷுட்’, ‘மே’ ஆகியவற்றுக்குப் பொருள் வரையறுத்துவிட்டது என்றும், அதில் ‘ஷல்’லும் ‘மஸ்ட்’டும் ஒன்றே என்றும் சொன்னார். ஒரு தொழில் முன்னிடைச்சொல்லைக் கட்டிப்போட்டிருக்கிறது, இன்னொரு தொழில் துணைவினையைக் கட்டிப்போட்டிருக்கிறது. மற்ற நேரமெல்லாம் நாம் இரண்டையும் அவிழ்த்துவிட்டபடியேதான் பேசிக்கொண்டிருக்கிறோம்.

துணைவினை ஒன்றுக்காகத் தமிழ்நாடு பட்ட பாட்டை அந்த வகுப்பில் யாராவது எடுப்பார்கள் என்று எதிர்பார்த்தேன், எடுத்தார்கள். 1963ஆம் ஆண்டின் ஆட்சிமொழிகள் சட்டம், குறித்த நாள் முதல் இந்தியோடு கூட ஆங்கிலமும் தொடர்ந்து பயன்படுத்தப்பட‘லாம்’ என்று சொன்னது. ‘லாம்’ இருக்கும் இடத்தில் இருந்த ஆங்கிலச் சொல் ‘மே’; ‘முதல்’ இருக்கும் இடத்தில் ‘ஆஸ் ஃப்ரம்’. அப்போது மாநிலங்களவை உறுப்பினராக இருந்த அண்ணா, ‘மே’ என்பதை ‘மே நாட்’ என்றும் படிக்க முடியும் என்ற அச்சத்தில் ‘ஷல்’ வேண்டும் என்றார். இந்த இடத்தில் ‘மே’ என்றாலும் ‘ஷல்’ என்றாலும் ஒன்றுதான் என்றார் நேரு. ஒன்றுதான் என்றால் ‘ஷல்’ என்றே எழுதிவிட்டுப் போங்களேன் என்பது தி.மு.க.வின் பதிலாக இருந்தது. குறித்த நாள் 1965 ஜனவரி 26 என்று ஆனது. அந்த நாளையொட்டி இங்கே நடந்தவை எல்லோருக்கும் தெரியும். 1967இல் வந்த திருத்தத்தில், இந்தியை ஆட்சிமொழியாக ஏற்காத மாநிலங்களின் சட்டமன்றங்கள் எல்லாம் ஆங்கிலத்தை நிறுத்துவதற்கான தீர்மானம் நிறைவேற்றி, அதன்பின் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் நிறைவேற்றும் வரை அந்த ஏற்பாடு நீடிக்கும் என்ற உட்பிரிவு சேர்ந்தது. அங்கே ‘ஷல் ரிமெய்ன் இன் ஃபோர்ஸ் அன்டில்’ என்று இருக்கிறது. ‘மே’யும் ‘ஆஸ் ஃப்ரம்’மும் சேர்ந்து திறந்து வைத்த சந்தேகத்தை, ‘ஷல்’லும் ‘அன்டில்’லும் சேர்ந்து அடைத்தன. இங்கே ‘அன்டில்’ ஒரு முழு வாக்கியத்தை இழுத்துவருவதால் அதை முன்னிடைச்சொல் என்பதைவிட இணைப்புச்சொல் என்பதே சரி. அந்த நுணுக்கத்தை ஆசிரியர் விட்டுவிட்டார்.

வரலாற்றுக்கு ஒதுக்கிய ஒன்பதாம் அமர்வு எல்லோருக்கும் பிடிக்கவில்லை. தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்கள் பலர் அன்று கேமராவை அணைத்துவிட்டு உணவருந்தப் போயிருப்பார்கள் என்று நினைக்கிறேன். எனக்கு அது விருந்தாக இருந்தது. ‘ஷல்’ என்பதன் பழைய வடிவத்துக்குக் கடன்பட்டிருத்தல் என்று பொருள் உண்டாம்; தமிழிலும் ‘கடன்’ என்ற ஒரே சொல் வாங்கிய பணத்தையும் செய்ய வேண்டிய கடமையையும் குறிப்பது நினைவுக்கு வந்தது. ‘கேன்’ அறிதலைக் குறித்த வினையிலிருந்து வந்தது. பழைய ஆங்கிலத்தில் துணைவினைக்குப் பின் ‘போ’ என்னும் வினையே இல்லாமல் திசையை மட்டும் சொல்ல முடிந்தது. ஜெர்மன் மொழியில் இன்றும் ‘இஹ் முஸ் நாஹ் ஹௌஸ’ என்றால் போதும், நான் வீட்டுக்குப் போக வேண்டும் என்று பொருள் வந்துவிடும். இன்றைய ஆங்கிலம் ‘கோ’வைக் கட்டாயமாகக் கேட்கிறது. ‘கேன்’னுக்குப் பின் வெறும் வினை மட்டுமே வரும் என்ற ஒழுங்கை மறந்து நம்மவர்கள் ‘ஐ கேன் ஏபிள் டு கம்’ என்று சொல்வதையும் அன்றே திருத்தினார்கள்.

பொருளை ஊகிக்கவே முடியாத மரபுத்தொடர்களுக்குக் கொடுத்த நேரம் போதவில்லை. ‘ஐ குட் டூ வித் எ காஃபி’ என்று ஒரு பையர் எங்கள் அலுவலகத்துக்கு வந்தபோது சொன்னார். காபியை வைத்து அவர் என்ன செய்யப் போகிறார் என்று என் தம்பி வயதுள்ள உதவியாளர் குழம்பிவிட்டு, “அண்ணா, இவர் காபி கேட்கிறாரா, வேண்டாம் என்கிறாரா?” என்று என்னிடம் கிசுகிசுத்தார். ஒரு காபி கிடைத்தால் நன்றாயிருக்கும் என்பதுதான் அதன் பொருள். ‘குட்’, ‘டூ’, ‘வித்’ என்று மூன்றையும் தனித்தனியே அறிந்தவருக்கும் இது பிடிபடாது. ‘வித்’தை ‘விதவுட்’ ஆக்கினால் அது இல்லாமலிருந்தால் நல்லது என்று திசை மாறிவிடும். இவற்றுக்கு ஓர் அமர்வில் இருபது நிமிடம்தான் கிடைத்தது. இரண்டு அமர்வுகள் கொடுத்திருக்கலாம்.

இனி குறைகள். ஒவ்வொரு வாரமும் செயலியில் ஒரு தேர்வு உண்டு. அதைத் திருத்துவது இயந்திரம். ‘ஹீ மஸ்ட் பீ இன் தி ஆபீஸ் அட் நைன்’ என்று ஒரு வாக்கியத்தைக் கொடுத்து, ஊகமா கடமையா என்று கேட்டார்கள். ஒன்பது மணிக்கு அலுவலகத்தில் இருந்தாக வேண்டும் என்பதும் பொருந்தும். ஒன்பது மணிக்கு அவர் அலுவலகத்தில்தான் இருப்பார் என்ற ஊகமும் பொருந்தும். முன்பின் தெரியாமல் முடிவு சொல்ல முடியாது என்று வகுப்பில் கற்பித்துவிட்டு, தேர்வில் ஒரு விடையை மட்டும் சரி என்று வைத்திருந்தார்கள். புகார் எழுதினேன். ‘வீ வில் லுக் இன்டு இட்’ என்று பதில் வந்தது. ‘வில்’லும் ‘இன்டு’வும் சரியாகத்தான் இருந்தன; மதிப்பெண் மாறவில்லை.

அதைவிடப் பெரிய குறை, காதுக்குப் பயிற்சி இல்லாதது. ‘ஐ கேன் பீ தேர் பை சிக்ஸ்’ என்று இயல்பாகப் பேசும்போது ‘கேன்’ தேய்ந்து ‘கன்’ என்று ஆகி, அழுத்தம் ‘தேர்’ மீதும் ‘சிக்ஸ்’ மீதும் போய்விடும். ‘கான்ட்’ என்ற எதிர்மறையிலோ உயிர் முழுமையாக ஒலிக்கும். அமெரிக்கர் பேச்சில் கடைசி ‘ட்’ பல நேரம் காதில் விழவே விழாது. எனவே வருவாரா மாட்டாரா என்பதை அழுத்தத்தை வைத்துத்தான் கண்டுகொள்ள வேண்டும். ‘ட்’ கேட்கவில்லை, ஆகவே வருகிறார் என்று நம் ஆட்கள் விமான நிலையத்துக்குக் கார் அனுப்பிய கதைகள் எங்கள் தொழிலில் உண்டு. இதைப் பற்றி ஒரு அமர்வில் ஐந்து நிமிடம் வாயால் சொன்னார்களே தவிர, கேட்டுப் பழக ஒரு ஒலிப்பதிவும் தரவில்லை. எழுத்தைக் கண்ணால் பார்த்தே ஆங்கிலம் கற்ற தலைமுறைக்கு இதுவே முதல் தேவை.

விளம்பரத்தில் ஒரு பிரிவுக்கு 12 பேர் என்று போட்டிருந்தார்கள். நான் சேர்ந்த பிரிவில் 31 பேர் இருந்தோம். அத்தனை பேருக்கும் வாய் திறக்க வாய்ப்புக் கிடைக்க வேண்டுமென்றால் ஒன்றேகால் மணி நேரம் எப்படிப் போதும்? எழுத்துப் பயிற்சியை ஆசிரியரே திருத்தித் தந்ததால் எனக்கு நட்டம் குறைவு. பேசிப் பழக வந்தவர்களுக்குத்தான் ஏமாற்றம். அவர்களோடு இன்னும் பேசிக்கொண்டிருக்கிறேன் என்று மேலே சொன்னது இதைப் பற்றித்தான்; கட்டணத்தில் ஒரு பகுதியைத் திருப்பிக் கேட்டிருக்கிறேன்.

ஆங்கிலத்தில் ஓரளவு எழுதத் தெரிந்து, எழுதியது ஏன் தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது என்று தெரியாமல் இருக்கும் அலுவலர்களுக்கு இந்த வகுப்பைத் தயங்காமல் சொல்வேன். எழுத்துக்கூட்டிப் படிக்கும் நிலையில் இருப்பவர்களும், நேர்முகத் தேர்வுக்காகப் பேசக் கற்க வேண்டியவர்களும் வேறு வகுப்பைப் பார்ப்பது நல்லது. சேர்வதாக இருந்தால், பிரிவில் எத்தனை பேர் என்பதைப் பணம் கட்டுவதற்கு முன் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பதிவுக் காட்சிகள் ஆறு மாதம் வரைக்கும்தான் செயலியில் இருக்கும். மூன்றாம் வாரத்தின் இரண்டு அமர்வுகளையும், ‘அன்டில்’, ‘பை’ வரும் ஏழாம் அமர்வையும் அதற்குள் இன்னொரு முறை பார்த்துவிடுவதாக இருக்கிறேன்.